வாசகர் கேள்வி பதில்: கடையில் வாங்கிய பஃப் தாளில் வீட்டுக் குரோசான்

உறைய வைத்துக் கடைகளில் விற்கப்படும் பஃப் பேஸ்ட்ரி தாளைக் கொண்டு வீட்டிலேயே குரோசான் செய்வது பற்றி வந்த கடிதங்கள் பல. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவற்றுள் சிலவற்றை ஒரே இடத்தில் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: எங்கள் ஊர் பேக்கரிகளில் வாங்கும் குரோசானைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தேன்கூடு போலக் கண்ணறைகள் தெரிகின்றன. கடையில் வாங்கிய பஃப் தாளை முக்கோணமாக வெட்டிச் சுருட்டிச் சுட்டேன். வெளிப்புறம் நன்றாகவே வந்தது, ஆனால் உள்ளே அந்தக் கண்ணறைகள் இல்லை. தாளின்மீது சிறிது ஈஸ்ட் தூவிச் சுருட்டினால் சரியாகுமா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: ஆகாது. ஈஸ்ட் மாவோடு சேர்ந்து பிசையப்பட்டு, அதிலுள்ள சர்க்கரையை உண்டு வாயுவை வெளிவிட்டால்தான் மாவு உப்பும். ஏற்கெனவே அடுக்கடுக்காகத் தேய்த்து முடித்த தாளின் மேல் தூவிய ஈஸ்ட் அங்கேயே கிடந்து கருகும்.

நீங்கள் செய்ததில் குறை ஏதும் இல்லை. பொருளே வேறு என்பதுதான் காரணம். பேக்கரிக் குரோசான் ஈஸ்ட் சேர்த்த மாவில் செய்யப்படுவது. மாவுக்குள் குளிர்ந்த வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடித்து, மீண்டும் தேய்த்து என மூன்று முறை மடிக்கும்போது 27 வெண்ணெய் அடுக்குகள் உண்டாகின்றன. பிறகு வடிவம் கொடுத்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், அடுக்குகளுக்கு இடையே உள்ள மாவு ஈஸ்டினால் பொங்கிக் கண்ணறைகளாக விரிகிறது. பஃப் மாவில் ஈஸ்ட் கிடையாது. மைதா, தண்ணீர், உப்பு, கொழுப்பு ஆகியவற்றை மட்டும் கொண்டு, மரபான முறையில் ஆறு முறை மும்மடிப்பாக மடிப்பார்கள். அப்போது அடுக்குகளின் எண்ணிக்கை 729 ஆகிறது. இவ்வளவு மெல்லிய அடுக்குகளை உயர்த்துவது நீராவி ஒன்றுதான். மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிந்து, ஒவ்வோர் அடுக்கையும் அடுத்த அடுக்கிலிருந்து பிரித்துத் தள்ளுகிறது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது கடித்தால் நொறுங்கி உதிரும் பண்டம். அதை இழுத்தால் நூலாகப் பிரியும் ரொட்டியாக எதிர்பார்க்கக் கூடாது. நம் பேக்கரிகளின் முட்டை பஃப்ஸ்தான் இதற்கு நெருங்கிய உறவு.

கண்ணறைதான் வேண்டும் என்றால், ஈஸ்ட் மாவில் வடிவம் கொடுத்து உறைய வைத்து விற்கப்படும் பச்சைக் குரோசான்களை வாங்கி, உறையில் சொல்லியபடி பொங்க வைத்துச் சுடலாம். இல்லையேல் இரண்டு நாள் ஒதுக்கி மாவிலிருந்தே தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைக் காபிக்கு ஒரு மணி நேரத்திற்குள் சூடாக ஏதாவது வேண்டும் என்பவருக்குப் பஃப் தாளே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: ஏப்ரல் மாதத்தில் ஒரு நண்பகலில் செய்து பார்த்தேன். தாளை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் வைத்திருந்து, வெட்டிச் சுருட்டி, ஓ.டி.ஜி. அடுப்பில் 180 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். வெண்ணெய் எல்லாம் தட்டில் வழிந்து, அதிலேயே பொரிந்து அடிப்பகுதி கருகிவிட்டது. மேலே வெளுத்தும் நடுவே பச்சை மாவாகவும் இருந்தது. எங்கே தவறினேன்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாளை வெளியே வைத்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலானவை கெட்டிருக்கின்றன. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் நம் சமையலறையின் வெப்பமே அந்த அளவை எட்டிவிடுகிறது. உருகிய வெண்ணெய் மாவுக்குள் ஊறிவிட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீராவி உண்டானாலும் அது தள்ளிப் பிரிப்பதற்குத் தனித்தனி அடுக்குகள் இருப்பதில்லை. ஊறாமல் மிஞ்சிய கொழுப்புதான் தட்டில் வழிகிறது.

உறைநிலைத் தாளை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது எல்லாவற்றிலும் நல்ல வழி. அவசரமானால் வெளியே வைக்கலாம். ஆனால் குளிர்நாடுகளில் அச்சிட்ட உறைகளில் காணும் 40 நிமிடக் கணக்கு நமக்குப் பொருந்தாது. மடிப்பை விரித்தால் விரிசல் விடாமல் விரிய வேண்டும், தொட்டால் கைக்குச் சில்லென்றும் இருக்க வேண்டும். அந்த நிலை வந்ததும், கோடையில் 15 அல்லது 20 நிமிடத்திலேயே வந்துவிடும், வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டும் வெளியே எடுங்கள். தாளை விரிக்கப்போகும் எவர்சில்வர் தட்டையும் முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரச் செய்வது கோடையில் பெரிய உதவி. நடுவில் தாள் தொய்ந்து கையில் ஒட்டத் தொடங்கினால், மைதாவை அள்ளித் தூவிச் சமாளிக்க முயலாமல், அப்படியே தட்டோடு ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்துவிடுங்கள். சுருட்டி முடித்த பிறகும் 20 நிமிடம் குளிர வைத்து, அந்தக் குளிரோடு நேரே சூடான அடுப்புக்குள் தள்ள வேண்டும். கொழுப்பு உருகி ஓடுவதற்கு முன்பே நீராவி எழும்பி, மாவு வெந்து நின்றுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

அடுத்தது அடுப்பு. 180 டிகிரி தொடக்கத்திற்குப் போதாது. மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 200 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வெறும் அடுப்பைச் சூடாக்குங்கள். பண்டத்தை நடுத்தட்டில் வைத்து, முதல் 12 நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டு, நன்கு உப்பிய பின் 180-க்குக் குறைத்து, மொத்தம் 20 முதல் 25 நிமிடம் வரை சுடலாம். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் அடுப்பானால் எல்லாவற்றிலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.ஜி. திருகில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப முடியாது. உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்தால் கேக்குக்கும் பயன்படும். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் வெளிர் பொன்னிறத்திலேயே, கருகிவிடுமோ என்ற அச்சத்தில், வெளியே எடுத்துவிடுகிறார்கள். நல்ல பழுப்பு நிறம் வரும்வரை பொறுத்தால்தான் உள்ளடுக்குகளின் ஈரம் வெளியேறும்.

நடுவே பச்சையாக இருந்ததற்குச் சுருட்டிய முறையும் காரணமாக இருக்கலாம். தாள் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் இருந்தால் குழவியால் ஒரே சீராக மெல்லத் தேய்த்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் 9 சென்டிமீட்டரும் நீளம் 18 சென்டிமீட்டரும் உள்ள முக்கோணமாக வெட்டினால் மூன்று நான்கு சுற்றுகள் வரும். அதற்கு மேல் சுற்றினால் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேராது. கத்தியை இழுத்து அறுத்தால் விளிம்புகள் நசுங்கி அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கூரிய கத்தியை மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுங்கள். பீட்சா வெட்டும் சக்கரமும் நன்றாக வேலை செய்யும். அடிப்பக்கத்தின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் கீறிவிட்டு, இரு மூலைகளையும் சற்றே வெளிப்புறமாக இழுத்து, தளர்வாகச் சுருட்டி, நுனி அடியில் வருமாறு தட்டில் வையுங்கள். நுனி மேலே இருந்தால் அடுப்புச் சூட்டில் சுருள் அவிழ்ந்துவிடும்.

தட்டில் விரிக்கும் காகிதத்தையும் கவனியுங்கள். கடைகளில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் பண்டம் பொதியும் காகிதத்தைத் தந்துவிடுவதுண்டு. அது இந்தச் சூட்டுக்கு உரியதன்று, புகையத் தொடங்கிவிடும். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருக்கும் பேக்கிங் பேப்பரையே வாங்குங்கள்.

கேள்வி: பாரிஸில் வசிக்கிறோம். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பஃப் தாள் வட்டமாகவே சுருட்டிக் கிடைக்கிறது. அதை எட்டாக வெட்டிச் சுருட்டிப் பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டு நண்பர், இதைக் குரோசான் என்றே சொல்லக் கூடாது என்கிறார். 1683-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது அங்குள்ள ரொட்டிக்காரர்கள் பிறை வடிவில் செய்ததுதான் உண்மையான குரோசான் என்றும் சொன்னார். சரியா?
- வாசகர், பாரிஸ்

பதில்: தொழில்முறையில் பார்த்தால் நண்பர் சொல்வது சரி. பிரெஞ்சு பேக்கரிக்காரர் எவரும் ஈஸ்ட் இல்லாத பஃப் மாவில் செய்ததைக் குரோசான் என்று விற்க மாட்டார். அவர் சொன்ன முற்றுகைக் கதைதான் நிற்காது. அந்தக் காலத்து ஆவணம் எதுவும் அதற்குச் சான்று சொல்லவில்லை. பிறை வடிவிலான கிப்ஃபெர்ல் என்னும் ரொட்டி ஆஸ்திரியாவில் முற்றுகைக்கு வெகு காலம் முன்பிருந்தே வழங்கிவந்தது. மரி அந்துவானெத் அரசி அதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார் என்ற கதையும் அதே வகைதான்.

உறுதியாகத் தெரிந்த வரலாறு இதைவிடச் சுவையானது. ஆகஸ்ட் ட்சாங் என்ற ஆஸ்திரியர், பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர், 1830-களின் இறுதியில் உங்கள் பாரிஸில் ரிஷ்லியே தெருவில் வியன்னா பாணி பேக்கரி ஒன்றைத் திறந்தார். அங்கே விற்ற கிப்ஃபெர்லைப் பார்த்துப் பாரிஸ் ரொட்டிக்காரர்கள் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். ட்சாங் சில ஆண்டுகளில் ஊர் திரும்பி, 1848-இல் வியன்னாவில் ஒரு நாளிதழைத் தொடங்கிப் பத்திரிகை அதிபராகிவிட்டார். அவர் விற்ற பிறை ரொட்டி இன்றுள்ளதைப் போல அடுக்கடுக்காக உதிர்வதன்று. வெண்ணெயை மடித்து அடுக்கும் செய்முறை குரோசானுக்கு அச்சில் வருவது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பஃப் மாவோ பிரெஞ்சுச் சமையல் நூல்களில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. அதாவது, நண்பர் போற்றும் குரோசான் தன் அடுக்குகளை உங்கள் கையிலிருக்கும் தாளின் மரபிலிருந்து கடன் வாங்கியதுதான். இதை அவரிடம் சொல்லும்போது ஒரு தட்டில் நான்கைச் சூடாக வைத்து நீட்டிக்கொண்டே சொல்லுங்கள்.

செய்முறையைப் பொறுத்தவரை எட்டுத் துண்டுகள் சரியான அளவே. கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் ஆறாக வெட்டலாம். வட்டத்தின் வளைந்த விளிம்பு சுருளின் உள்ளே மறைந்துவிடுவதால் அதை நேராக்கத் தேவையில்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் உறைய வைக்காத, வெறுமனே குளிர வைத்த தாள் என்பதால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஐந்து பத்து நிமிடத்தில் விரித்துவிடலாம். முழுவதும் வெண்ணெயில் செய்தது, தாவரக் கொழுப்பில் செய்தது என இரண்டு வகையும் ஒரே அலமாரியில் இருக்கும். உறையைப் படித்து முதல் வகையை எடுங்கள்.

கேள்வி: இங்கே நான் வாங்கும் பஃப் தாளின் உறையில் வெண்ணெய் என்ற சொல்லே இல்லை. தாவரக் கொழுப்பு, மார்ஜரின் என்றுதான் உள்ளது. இது உடலுக்குக் கெடுதலா? வெண்ணெய்த் தாளைத் தேடி இருமடங்கு விலை கொடுக்க வேண்டுமா?
- வாசகர், சென்னை

பதில்: மார்ஜரின் என்றதும் டிரான்ஸ் கொழுப்பு நினைவுக்கு வருவது இயல்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனால் பழைய அச்சம் அதே அளவில் இன்று பொருந்தாது. நிறைவுற்ற கொழுப்பு இரண்டிலுமே மிகுதி. இரத்தக் கொழுப்புக்கு மருந்து எடுத்துக்கொள்பவர் வெண்ணெய்த் தாள் என்பதால் இரண்டு கூடுதலாகச் சாப்பிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே சுவையையும் வசதியையும் வைத்து முடிவு செய்யுங்கள். பஃப் மாவுக்கென்று தயாரிக்கப்படும் மார்ஜரின், வெண்ணெயைவிடக் கூடுதல் வெப்பத்தில்தான் உருகும். நம் ஊர் பேக்கரிகள் அதை விரும்புவதற்கு விலையோடு இதுவும் காரணம். முதல் முறை செய்பவருக்கு, அதுவும் கோடையில், அது கைக்கு அடங்கும். ஆனால் எளிதில் உருகாத அந்தக் குணமே வாயிலும் தொடர்வதால், சாப்பிட்ட பின் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒரு படலம் நிற்கிறது. வெறும் குரோசானாக, உள்ளே ஒன்றும் வைக்காமல் சாப்பிடுவதாக இருந்தால் இருமடங்கு விலைக்கும் வெண்ணெய்த் தாள் தகும். மசாலா வைத்துச் சுடுவதற்கு அந்தச் செலவு வேண்டாம். உறையில் பொருள்களை எடை மிகுதியானது முதலாக வரிசைப்படுத்தியே அச்சிட வேண்டும் என்பது விதி. முன்புறத்தில் வெண்ணெய்ப் படம் போட்டிருந்தாலும், பின்புறப் பட்டியலில் வெண்ணெய் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி: நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. மேலே முட்டை பூசாமல் நிறம் வருமா? தாளிலேயே முட்டை இருக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: பஃப் மாவுக்கு முட்டை தேவையில்லை. இருந்தாலும் உறையில் பச்சைக் குறி உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. மேலே பூசுவதற்கு ஃபிரெஷ் கிரீம் நல்ல நிறம் தரும். அது இல்லையென்றால் காய்ச்சி ஆறிய பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரை கரைத்துப் பூசலாம், பளபளப்பு மட்டும் சற்றுக் குறையும். முட்டை பூசுபவர்கள் ஒரு மஞ்சள் கருவுக்கு ஒரு தேக்கரண்டி பால் சேர்த்துக்கொள்ளலாம். எதைப் பூசினாலும் வெட்டுப்பட்ட ஓரங்களில் வழியவிடாதீர்கள். ஓரம் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் உயராது.

கேள்வி: எங்களிடம் அவன் இல்லை. பிரஷர் குக்கரில் மணல் போட்டுக் கேக் செய்வதுபோல இதையும் செய்யலாமா? ஏர் ஃப்ரையரில் வருமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: குக்கரில் வேண்டாம். அங்கே சூடு அடியிலிருந்துதான் முதன்மையாக வருகிறது. கேக் அதைப் பொறுத்துக்கொள்ளும், பஃப் மாவோ மேலே வெந்து நிற்பதற்குள் கொழுப்பை இழந்துவிடும். ஏர் ஃப்ரையரில் தாராளமாகச் செய்யலாம். 180 டிகிரியில் முன்கூட்டிச் சூடாக்கி, சிறிய அளவில் மூன்று நான்கை மட்டும் இடைவெளி விட்டு வைத்தால் 12 முதல் 15 நிமிடத்தில் தயாராகிவிடும். விசிறிக் காற்று பலமாக அடிப்பதால் சுருளின் நுனியை அடியில் நன்றாக அழுத்தி வையுங்கள். மேலே சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால், முதலில் ஒன்றை மட்டும் சுட்டு, பிட்டுப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்வது நல்லது.

கேள்வி: உள்ளே தேங்காய்ப் பூரணம், ஜாம், சாக்லேட் எல்லாம் வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் வெளியே வழிந்து தட்டில் கரிகிறது. என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அளவைக் குறைக்க வேண்டும். ஒரு முக்கோணத்துக்கு ஒரு தேக்கரண்டி, அதுவும் அடிப்பக்கத்தை ஒட்டி வைத்து, முதல் சுற்றிலேயே மூடிவிடுமாறு சுருட்ட வேண்டும். வைக்கும் பொருள் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இளஞ்சூடான உருளைக்கிழங்கு மசாலாகூட அடுக்கை உருக்கிவிடும். வெல்லம் சேர்த்த பூரணமானால் உருட்டினால் உருண்டையாக நிற்கும்வரை கிளறிக்கொள்ளுங்கள், பாகு கசியும் பதத்தில் இருந்தால் கரிந்தே தீரும். ஜாமை உள்ளே வைப்பதைவிடச் சுட்ட பின் தொட்டுக்கொள்வது மேல். சாக்லேட்டுக்குப் பரப்பும் வகையைத் தவிர்த்து, கட்டிச் சாக்லேட்டின் ஒரு துண்டை வையுங்கள். அதற்கு முக்கோணத்தைவிட நீள்சதுரமாக வெட்டி உருட்டுவது பொருத்தம். பிரான்சிலும் சாக்லேட் வைத்ததைப் பிறை வடிவில் செய்வதில்லை.

கேள்வி: ஒரு பொதியில் இரண்டு தாள்கள் வருகின்றன. எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். மிச்சத் தாளைத் திரும்ப உறைய வைக்கலாமா? சுட்டதில் மிஞ்சியதை என்ன செய்வது?
- வாசகி, கொழும்பு

பதில்: இளகிய தாளை மீண்டும் உறைய வைத்தால் உள்ளே உண்டாகும் பனித்துகள்கள் அடுக்குகளைக் குத்திக் கெடுக்கும். இரண்டாவது தாளை இளக விடாமலே எடுத்து வைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அதையும் அன்றே முழுவதும் சுட்டுவிடுங்கள். சுட்டு, நன்றாக ஆற வைத்து, பைக்குள் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதத்திற்குத் தாங்கும். வெட்டும்போது மிஞ்சும் ஓரத் துணுக்குகளை உருண்டையாகப் பிசைந்துவிடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்துச் சீஸ் தூவிக் குச்சிகளாகச் சுடலாம்.

சுட்டவை அன்றைக்கே உண்ணத் தக்கவை. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் தன் ஆவியிலேயே நமத்துப் போகும். மறுநாள் சாப்பிடுவதாக இருந்தால் 160 டிகிரி அடுப்பில் ஐந்தாறு நிமிடம் காட்டினால் மொறுமொறுப்புத் திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் தொய்ந்து ரப்பராகிவிடும். பிரெஞ்சு பேக்கரிகள் முந்தைய நாள் குரோசான்களை வீணாக்காமல் பாதாம் குரோசானாக மாற்றி விற்கும் வழக்கம் உண்டு, அது நமக்கும் கைகொடுக்கும். அறை வெப்பத்திலுள்ள வெண்ணெய், சர்க்கரை, பாதாம் பொடி ஆகியவற்றில் 50 கிராம் வீதம் எடுத்து ஒரு முட்டையுடன் அடித்துக் குழைத்துக்கொள்ளுங்கள். குரோசானைக் குறுக்கே இரண்டாக அரிந்து, உட்புறத்தில் சர்க்கரைப் பாகைத் தூரிகையால் லேசாகத் தடவுங்கள். ஈஸ்ட் குரோசானைப் பாகில் முக்கியே எடுப்பார்கள், பஃப் குரோசான் அதைத் தாங்காது. குழைத்ததை உள்ளேயும் மேலேயும் பூசி, சீவிய பாதாமைத் தூவி, 180 டிகிரியில் 15 நிமிடம், மேற்பூச்சு சிவக்கும்வரை, மீண்டும் சுட்டு எடுங்கள்.